அண்ணனின் வலது கையும் உன் கையெழுத்தும்

சாத்தூர்,
ஞாயிறு காலை.

அன்புள்ள சுப்பையா,

நலம்தானே? தங்கச்சிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் இல்லையென்று என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். பெரியண்ணன் படுத்துவிட்டார். பக்கவாதம். நாளையோடு ஒன்பது வாரம். போனில் சொல்லியிருக்கலாம்தான். இரண்டு தடவை உன்னைக் கூப்பிட்டேன். நீ உன் மருமகன் வீடு கட்டுகிற கதையை ஆரம்பித்துவிட்டாய், நானும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிட்டேன். தவிர, உன்னிடம் தனியாகச் சொல்லவேண்டிய சங்கதி ஒன்றும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அன்றைக்கும் வழக்கம்போல நாலரை மணிக்குப் பாய்லரைப் பற்றவைத்து, பால்காரருக்கு முதல் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். வலது கை மேலே போனது, போன கையிலிருந்து குவளை நழுவி விழுந்துவிட்டது. பால்காரர் சொல்கிறார்: அண்ணன் அந்தக் கையை, யாரோ கடையில் மறந்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது மாதிரி பார்த்தாராம். வாய் இடது பக்கம் இழுத்துக்கொண்டது. "என்ன அண்ணாச்சி?" என்று கேட்டதற்கு, "இருக்கு" என்றார். "வலிக்கா?" என்றதற்கும் "இருக்கு, இருக்கு."

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. பக்கத்தில் ஓர் இடத்துக்குக் கொண்டுபோனோம். சர்க்கரை இறங்கியிருக்கும் என்று குளுக்கோஸ் பாட்டிலை மாட்டிவிட்டு மூன்று மணி நேரம் படுக்கவைத்துவிட்டார்கள். அதற்குள் மதினியின் தம்பி எங்கோ போய் ஒரு புறாவைப் பிடித்து வந்துவிட்டான், சூட்டோடு ரத்தம் தேய்க்க வேண்டுமாம். ஒன்பதாம் வகுப்புக்கு முப்பது வருஷம் அறிவியல் நடத்தியவன் நான். அந்தப் புறாவைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன் என்பதை உன்னிடம் மட்டும் ஒத்துக்கொள்கிறேன். மதுரை போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை. ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எங்களுக்கு ஏழு மணி நேரம் ஓடிப்போயிருந்தது. அந்த ஊசிக்கு முன்னால் சி.டி. ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். மூளையில் ரத்தக் குழாய் அடைத்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று தெரியாமல் போட்டால், வெடித்த மூளையில் ரத்தத்தை இன்னும் ஓடவிட்டது மாதிரி ஆகிவிடும். ஆகையால் உன் தெருவில் யாருக்காவது வாய் கோணி, கை தொங்கி, பேச்சுக் குழறினால், ஸ்கேன் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரே வண்டியை விடச் சொல்.

மதுரையில் நரம்பு டாக்டர் ஒரு அம்மா. நாற்பது வயது இருக்கும். என்னை வாத்தியார் என்று தெரிந்துகொண்டதும் மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு ஒரு படம் வரைந்தார். மூளையை நடுவில் வெட்டிய மாதிரி ஒரு வளைவு. அந்த வளைவின் மேல் ஒரு மனுஷனை வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கவிட்டார். கால் விரல் உச்சியில், இரண்டு பாதியும் சேருகிற இடுக்குக்குள். அதற்கடுத்து இடுப்பு, தோள். பிறகு பெரிய கை. எல்லாவற்றுக்கும் கீழே, காது பக்கமாக முகம், உதடு, நாக்கு. முதுகு முழுவதற்கும் ஒரு விரற்கடை இடம்கூட இல்லை, கட்டைவிரலுக்கும் உதட்டுக்கும் ஜமீன் மாதிரி இடம். எவ்வளவு நுணுக்கமாக வேலை செய்கிறதோ அவ்வளவு நிலம்.

கனடாவில் மான்ட்ரியலில் பென்ஃபீல்ட் என்றொரு அறுவைசிகிச்சை நிபுணர், வலிப்பு நோயாளிகளுக்கு மண்டையைத் திறக்கும்போது அவர்களை விழிப்பாகவே வைத்துக்கொள்வாராம். தோலுக்கு மட்டும் மரப்பு ஊசி. மூளைக்கு வலி தெரியாது. மெல்லிய மின்சாரத்தால் ஓர் இடத்தைத் தொடுவார், கை தூக்கும். இன்னோர் இடம், உதடு துடிக்கும். இப்படித் தொட்டுத் தொட்டு 1937இல் வந்ததுதான் அந்தத் தலைகீழ் மனுஷனின் வரைபடம். இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், கை தூக்கியவர்களைக் கேட்டால், "நான் தூக்கவில்லை, நீங்கள்தான் தூக்கினீர்கள்" என்பார்களாம். கை அவர்களுடையது, மூளை அவர்களுடையது, இருந்தும் தான் தூக்கியதா இல்லையா என்று ஆளுக்குத் தெரிந்திருக்கிறது பார்.

அண்ணனுக்கு அடைத்தது இடது பக்கத்து நடு மூளைத் தமனி. அது தண்ணீர் பாய்ச்சுகிற வயல் கையும் முகமும் பேச்சும். காலுக்கு வேறு வாய்க்கால், முன்பக்கத்துத் தமனி. அதனால்தான் மூன்றாவது வாரமே கம்பை ஊன்றி நடந்துவிட்டார், கை மட்டும் இன்னும் தொங்குகிறது. இடது மூளை அடைத்தால் வலது கை ஏன் விழுகிறது என்று மதினி கேட்டார். மூளைக்கு அடியில் இருக்கிற முகுளத்தில் பத்தில் ஒன்பது நரம்பிழை பக்கம் மாறிக் கீழே இறங்குகிறது என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். அது ஏன் மாற வேண்டும் என்றார். எனக்குத் தெரிந்தால் அல்லவா சொல்வதற்கு.

டாக்டர் அம்மா அவரைப் புருவத்தைத் தூக்கச் சொன்னார். நெற்றி இரண்டு பக்கமும் ஒழுங்காகச் சுருங்கியது! பல்லைக் காட்டச் சொன்னால் வலது பக்கம் வரவில்லை. நெற்றிக்கு மட்டும் இரண்டு பாதி மூளையும் கயிறு கட்டி வைத்திருக்கிறது, ஒன்று அறுந்தால் இன்னொன்று இழுக்கும். முகத்து நரம்பே கெட்டிருந்தால் நெற்றியும் சேர்ந்து விழுந்திருக்கும். ஒரு புருவத்தை வைத்துக்கொண்டு, பழுது மண்டைக்கு உள்ளேயா வெளியேயா என்று கண்டுபிடிக்கிறார்கள். நான் முப்பது வருஷம் 'முகுளத்தின் பணி யாது?' என்று கேட்டு இரண்டு மார்க் போட்டிருக்கிறேன்.

இனிமேல்தான் வேடிக்கை.

மனுஷனுக்கு ஒரே சொல்தான் மிச்சம். சாப்பிட்டாச்சா? "இருக்கு." நான் யாரு? "இருக்கு." யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். நாற்பது வருஷமாக வடை இருக்கா, மிக்சர் இருக்கா, சில்லறை இருக்கா என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொன்ன பதில் அது. பாரிஸ் பக்கத்தில் பிசேத்ரு ஆஸ்பத்திரியில் இருபது வருஷத்துக்கு மேல் ஒரு நோயாளி இருந்தாராம், எதைக் கேட்டாலும் 'தான்' 'தான்' என்று மட்டும் சொல்வார். மற்றவர் பேசுவது நன்றாகப் புரியும். 1861இல் அவர் இறந்தபோது ப்ரோக்கா என்ற டாக்டர் மூளையைத் திறந்து பார்த்தார். இடது பக்கம், நெற்றிக்குப் பின்னால் ஒரு குழி. பேச்சுக்கு மூளையில் ஓர் இருப்பிடம் உண்டு என்று உலகம் நம்ப ஆரம்பித்தது அன்றிலிருந்து. அந்த மூளையை இன்னும் பாரிஸில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். 'தான்' என்ற அந்த மனுஷனுக்குக் கோபம் வந்தால் மட்டும் ஒரு கெட்ட வார்த்தை முழுசாக வந்துவிடுமாம்.

இதைப் படித்த மறுநாள் என்று நினைக்கிறேன். திண்ணையில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். எதிர்வீட்டு ஆடு வந்து அவர் மடியில் கிடந்த பேப்பரைத் தின்ன ஆரம்பித்தது. சுப்பையா, கணீரென்று ஒரு வார்த்தை வந்தது. கடிதத்தில் எழுத முடியாது, உனக்குத் தெரிந்த வார்த்தைதான், நம் பி.டி. வாத்தியாருடைய வார்த்தை. அடுக்களையிலிருந்து மதினி கரண்டியோடு ஓடி வந்து, "பேசிட்டாக, பேசிட்டாக" என்று அழுகிறார். கட்டிக்கொண்டு நாற்பத்தி மூன்று வருஷமாக அந்த வார்த்தைக்குச் சண்டை போட்டவர். "இன்னொரு தடவ சொல்லுங்க" என்று கெஞ்சினார். அண்ணன் வாயைத் திறந்தார். "இருக்கு."

வசவும் பாட்டும் எண்ணிக்கையும் வேறு வழியில் வருகின்றன என்றார் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பையன். சொல்லைத் தேடி எடுத்துக் கோர்க்கிற இடம் இடது பக்கம். பாட்டில் வலது மூளைக்கும் நல்ல பங்கு உண்டு. "ஒண்ணு" என்று நாம் ஆரம்பித்துவிட்டால் அண்ணன் பத்து வரை தடுமாறாமல் போகிறார். "ஏழு சொல்லுங்க" என்றால் வரவில்லை. இதை வைத்தே, பேச்சைப் பாட்டாக்கிச் சொல்லிக்கொடுக்கிற முறையை 1973இல் பாஸ்டனில் கொண்டுவந்திருக்கிறார்கள். இங்கே அந்தப் பையன் அண்ணனின் இடது கையைப் பிடித்துத் தொடையில் தாளம் போடவைத்து, "தண்... ணி... வே... ணும்" என்று தாலாட்டு மாதிரி இழுக்கிறான். நேற்று முதன்முதலாக அண்ணன் பாடித் தண்ணீர் கேட்டார். வெறும் பேச்சாகக் கேட்க இன்னும் வரவில்லை. வீட்டில் எல்லோரும் இப்போது பாடித்தான் பேசிக்கொள்கிறோம், பார்க்கிறவர்கள் நாடகக் கொட்டகை என்று நினைப்பார்கள்.

இன்னொன்று. ஐந்தாவது வாரம் ஒரு மத்தியானம் அண்ணன் கொட்டாவி விட்டார். பெரிய கொட்டாவி. வாய் திறக்கத் திறக்க, அந்தச் செத்த வலது கை மடியிலிருந்து தானாக மேலே எழும்பியது. ஒரு முழ உயரம் இருக்கும். கொட்டாவி முடிந்தது, கை மெதுவாக இறங்கி மடியிலேயே படுத்துக்கொண்டது. பேரன் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. கை வந்துவிட்டது என்று நானும் நம்பினேன். "தூக்குங்க அண்ணே" என்றால் துளி அசைவு இல்லை. டாக்டர் அம்மாவிடம் ஓடினேன். கொட்டாவி மேல்மூளையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை, அது கழுத்துக்கு மேலே மூளைத்தண்டிலிருந்து கிளம்பும் பழைய வேலை, மூச்சும் விழுங்குவதும் இருக்கிற இடம், அந்தப் பாதை அண்ணனுக்கு அறுபடவில்லை என்றார். 2005இல் பிரெஞ்சு டாக்டர்கள் இதற்கு வாயில் நுழையாத ஒரு பேர்கூட வைத்திருக்கிறார்களாம். சிரிப்பும் அப்படித்தான். சிரியுங்கள் என்றால் அரை வாய். பேரன் சேற்றில் வழுக்கி விழுந்ததும் வந்தது பார், முழு வாய்ச் சிரிப்பு.

'மூளை உடலின் அரசன்' என்று நாம் படித்தோமே, நானும் அதையே கரும்பலகையில் எழுதிப்போட்டேனே, அதை இப்போது யாராவது சொன்னால் எரிச்சல் வருகிறது. அரசனாவது! தாலுகா ஆபீஸ் மாதிரி இருக்கிறது உள்ளே. ஒரே கையைத் தூக்க நாலு மேஜையில் கையெழுத்து. இடது மூளைக்காரன் கணக்குப் புலி, வலது மூளைக்காரன் கலைஞன் என்று பேசித் திரிகிறவர்களை ஒரு வாரம் எங்கள் திண்ணையில் உட்காரவைக்க வேண்டும்.

டீ ஆற்றுவதை மட்டும் எடுத்துக்கொள். வலது கை தலைக்கு மேல், இடது கை இடுப்புக்குக் கீழ், நடுவில் மூன்றடி நீளத்துக்கு ஒரு டீக் கயிறு. அண்ணன் பார்வை குவளையில் இருக்காது, பஸ்ஸிலிருந்து யார் இறங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். தூக்கு என்பது மேல்மூளையின் வேலை. எவ்வளவு வேகம், எந்த நொடியில் சாய்க்க, எங்கே நிறுத்த என்பதைப் பின்மண்டையில் இருக்கிற சிறுமூளை பார்க்கிறது. ஒரு வருஷம் ஆட்டு மூளை வாங்கிப்போய் வகுப்பில் காட்டினேன், ஞாபகம் இருக்கிறதா, அப்புறம் அதை நீ மிளகு போட்டு வறுத்தாயே, அதில் பின்னால் சின்னக் காலிஃபிளவர் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது அதுதான். மனுஷ மூளை எடையில் அது பத்தில் ஒரு பங்குதான். ஆனால் 2009இல் பிரேசில்காரர்கள் எண்ணிப் பார்த்ததில், மொத்தம் 8,600 கோடி நரம்பணுக்களில் ஏறக்குறைய 6,900 கோடி அந்தக் குட்டிக்குள் இருந்தன. சாராயம் உள்ளே போனால் தள்ளாடுவதும் அது பார்க்கிற வேலைதான். அண்ணனுக்கு அது பழுதில்லை. டீ ஆற்றுகிற கணக்கு முழுசும் உள்ளே இருக்கிறது, கைக்குச் சேதி போகிற கம்பிதான் அறுந்திருக்கிறது. ராத்திரி தூங்காமல் இருக்கும்போது எனக்கு இதுதான் ஓடும்.

சரி, உன் சங்கதிக்கு வருகிறேன்.

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துத்தான் படித்தேன். படிக்கக் கண்ணாடி போதவில்லை. முதலில் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியிலிருந்து உன் பழைய கடிதங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். 2016இல் உன் மகள் கல்யாணத்துக்கு எழுதினாயே, அதில் ஒரு 'ழ' போட்டிருக்கிறாய், கோயில் மணி மாதிரி தொங்குகிறது. பள்ளிக்கூடத்தில் தினம் குறள் எழுதிப்போட்ட கை, பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் நூலளவு பிசகாமல் தேய்த்த கை. இப்போதைய கடிதத்தில் ஒவ்வொரு வரியும் பெரிதாகத் தொடங்கிப் போகப்போகச் சிறுத்து, முடிவில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடுகிறது. எல்லா வரியும் அப்படியே. தாள் நெருக்கம் என்று நினைத்தால், ஓரத்தில் இரண்டு விரல் இடம் காலியாகக் கிடக்கிறது.

அதே கடிதத்தில் எழுதியிருக்கிறாய், இந்தக் காலத்துக் காப்பித்தூளில் மணமே இல்லை, கடையை மாற்றியும் பிரயோஜனமில்லை என்று. தூக்கத்தில் யாரையோ துரத்திக்கொண்டு ஓடி தங்கச்சியை உதைத்துவிட்டதாகவும் எழுதிச் சிரித்திருக்கிறாய். நானும் சிரித்துவிட்டுத்தான் மடித்து வைத்தேன். பிறகு டாக்டர் அம்மாவின் அறைக்கு வெளியே காத்திருந்தபோது, உள்ளேயிருந்து வந்த ஒருவரின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். "முதல்ல இவருக்கு வாசனைதான்யா போச்சு, அப்புறம் கையெழுத்து" என்றார். எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது.

அன்றைக்கு டாக்டர் அம்மாவிடம் உன் பெயர் சொல்லாமல் கேட்டேன். நடுமூளையில் கறுப்பாக ஒரு திட்டு இருக்கிறதாம், அதிலிருந்து டோபமின் என்றொரு ரசாயனம் சுரக்கிறது. கையைத் தூக்கு என்று மேல்மூளை சொல்லும்போது, எவ்வளவு பெரிதாக, எவ்வளவு சுருக்காக என்பதற்கு அந்த டோபமின் வேண்டும். அது குறைந்தால் நடை குறுகும், குரல் தேயும், எழுத்து சிறுக்கும். பார்க்கின்சன் நோய் என்கிறார்கள். நடுக்கம் இருந்தே ஆக வேண்டும் என்றில்லையாம். நடுக்கமோ இறுக்கமோ கண்ணுக்குத் தெரிகிறபோது அங்கே பாதிக்கு மேல் போயிருக்கும், அதனால்தான் சீக்கிரம் வரச் சொல்கிறோம் என்றார். 1817இல் லண்டனில் பார்க்கின்சன் என்ற வைத்தியர், ஆறு பேரை வைத்து இதை முதன்முதலில் எழுதினாராம். அதில் சில பேரைத் தெருவில் போகும்போது பார்த்ததோடு சரி. அவர் தெருவில் பார்த்தார், நான் தபாலில் பார்க்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. இதெல்லாம் வயசினாலும் இருக்கலாம், சளியாலும் மூக்கு அடைத்திருக்கலாம், பேனாவும் மட்டமாக இருந்திருக்கலாம். அப்படி இருந்தால் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று ஊரெல்லாம் சொல், சந்தோஷமாகக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் புறாவைப் பார்த்துக்கொண்டு நின்ற மாதிரி இன்னொரு தடவை நிற்க மாட்டேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், நீ நாட்டுமருந்துப் பைத்தியம். பூனைக்காலி விதை இதற்கு நல்லது என்று யாராவது உன்னிடம் வந்து ஓதுவார்கள். பொய்யில்லை, டாக்டர் இதற்குக் கொடுக்கிற லெவோடோபா என்ற மருந்து அந்த விதைக்குள் உண்மையிலேயே இருக்கிறது. அதனால்தான் பயப்படுகிறேன். எந்த விதையில் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? முதலில் நரம்பு டாக்டர், மற்றதெல்லாம் அவரைக் கேட்டு.

இந்தக் கடிதத்தோடு இரட்டைக்கோடு நோட்டிலிருந்து ஒரு தாள் வைத்திருக்கிறேன், பேரனுடையது. கோட்டுக்குள் எழுது என்றால் எழுத்து பெரிதாக வந்துவிடும் என்கிறார்கள். தரையில் கட்டம் போட்டுவைத்தால், இந்த நோயில் கால் ஒட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் தாண்டிப் போய்விடுகிற மாதிரி. அதனால் முன்பக்கம் கோட்டில் ஒரு குறள் எழுது. பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது, அதில் இன்னொரு குறளும், நடுவிலிருந்து விரிகிற மாதிரி ஒரு சுருளும் வரைந்து வை. எனக்கு அனுப்ப வேண்டாம். டாக்டரிடம் கொண்டுபோ. தங்கச்சியையும் கூட்டிப்போ, உதைத்த கதையை அவர்தான் ஒழுங்காகச் சொல்வார்.

வியாழக்கிழமை நான் திருச்சி வருகிறேன். பத்து மணிக்கு ஜங்ஷனில் இறங்குவேன். அதற்குள் போய்விட்டு வந்திருந்தால் உன் வீட்டில் சாப்பாடு, இல்லையென்றால் நேரே டாக்டர் வீட்டு வாசலில் டோக்கன்.

அன்புடன்,
ராமசாமி

பி.கு.: நேற்றுச் சாயங்காலம் அண்ணன் கடைக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தார். இடது கையால் ஒரு டீ ஆற்றினார். பாதி என் வேட்டியில். மிச்சத்தை என்னிடம் நீட்டி, காசுக்குக் கையை நீட்டினார்.